இங்கிலாந்தில் இலவசம், யாழ்ப்பாணத்தில் குற்றம்: வேப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி

[திரையில்: திறந்த சூட்கேஸ். சொக்லேட், வாசனைத் திரவியப் போத்தல், நடுவில் விரல் நீள வண்ணக் கருவி.]

2023இல் இங்கிலாந்து அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சிகரெட்டைக் கைவிட விரும்பும் பத்து இலட்சம் பேர் வரை வேப் கருவியை இலவசமாகப் பெறலாம். அதே கருவியை யாழ்ப்பாணத்தில் கடையில் வைத்து விற்கப் போனால் சட்டம் குறுக்கே வரும். ஆனாலும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுச் சூட்கேசுகளோடு சேர்ந்து அது இங்கே வந்து இறங்கத்தான் செய்கிறது.

வணக்கம் உறவுகளே. பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மின்கலம், சூடேறும் ஒரு கம்பி, அடிமையாக்கும் நிக்கொட்டின் கலந்த திரவம்: இவ்வளவுதான் வேப் எனப்படும் மின்சிகரெட். இன்றைய வடிவத்தை 2003இல் உருவாக்கியவர் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர்.

நம் ஊரில் இதைப் பற்றி இரண்டு பேச்சுகள் உண்டு. 'வெறும் நீராவிதானே, பழ வாசம்தானே' என்பது ஒன்று. 'சிகரெட்டை விடப் பொல்லாதது' என்பது மற்றையது. இரண்டுமே பிழை.

வேப்பில் எதுவும் எரிவதில்லை. சிகரெட் எரியும்போது வரும் தாரும் காபன் மொனொக்சைட்டும்தான் நுரையீரலையும் இதயத்தையும் அதிகம் அழிக்கின்றன. இதனால்தான் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 2015இல், வேப்பின் தீங்கு சிகரெட்டை விட ஏறக்குறைய 95 சதவீதம் குறைவு என்று சொன்னது. அந்த எண் நிபுணர்களின் மதிப்பீடு. முப்பது ஆண்டுகள் வேப் இழுத்தவர்களைப் பின்தொடர்ந்து அளந்த முடிவு அல்ல. அப்படி இழுத்தவர்கள் இன்னும் உலகில் இல்லை.

பிறகு 2019 வந்தது. அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைகளில் குவிந்தார்கள். 2020 பெப்ரவரிக்குள் 68 பேர் இறந்துவிட்டார்கள். பெரும்பாலான நோயாளிகள் இழுத்தது கஞ்சாச் சத்துக் கலந்த திரவம். அதில் சேர்க்கப்பட்ட வைற்றமின் ஈ அசிற்றேற் என்ற எண்ணெய்ப் பொருளே முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. ஆனால் செய்தி பரவியது 'வேப் கொல்கிறது' என்ற இரண்டே சொற்களாக. 2019 செப்டெம்பரில் இந்தியா முழுத் தடை கொண்டு வந்தது.

[திரையில்: நிக்கொட்டின் மூலக்கூறின் படம்.]

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டில் பிள்ளைகள் இருக்கும் எல்லோரும் கவனமாகக் கேளுங்கள். முதன்முதலாகச் சுருட்டு இழுக்கும் எவருக்கும் தொண்டை எரியும், இருமல் வரும். அந்த இருமல் ஒரு காவல். பலர் அத்தோடு விட்டுவிடுவார்கள். 2015இல் சந்தைக்கு வந்த ஜூல் போன்ற கருவிகள் நிக்கொட்டினோடு பென்சோயிக் அமிலத்தைச் சேர்த்து 'நிக்கொட்டின் உப்பு' ஆக்கின. கசப்பு மருந்தைத் தேனில் குழைத்து ஊட்டுவது போல, எரிச்சல் இல்லாமல் நிக்கொட்டின் மட்டும் உள்ளே இறங்குகிறது. மேலே மாம்பழ வாசம் வேறு. பதினைந்து வயதுப் பிள்ளையைக் காப்பாற்ற அந்த இருமல் இனி வராது. என்னைக் கோபப்படுத்துவது இதுதான்.

புகையிலையை அறியாத மண் அல்ல நம்முடையது. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. தென்னிலங்கை நகரங்களில் யாழ்ப்பாணத்தவரின் சுருட்டுக்கடைகள் இருந்தன. அந்த வருமானத்தில் எத்தனையோ பிள்ளைகள் படித்தார்கள். அப்பு திண்ணையில் சுருட்டுப் பிடித்ததைப் பார்த்து வளர்ந்த நமக்குப் புகை பழக்கமானதாகவும், வண்ணக் கருவி பயங்கரமானதாகவும் தெரிகிறது. பழகிய பொருள் என்பதற்காகச் சுருட்டின் ஆபத்து குறைந்துவிடாது.

சரி, சட்டம். இலங்கை 2016இல் வெளியிட்ட ஒழுங்குவிதி 'புகையிலை அடங்கிய' மின்சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனையைத் தடை செய்தது. அந்த இரண்டு சொற்களைக் கவனியுங்கள். வேப் திரவத்தில் புகையிலை இலை இல்லை. அதிலிருந்து பிரித்தெடுத்த நிக்கொட்டின்தான் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் செய்த நிக்கொட்டின் என்றால் புகையிலைச் செடியோடு தொடர்பே இல்லை. இதே ஓட்டையில் அமெரிக்க நிறுவனங்கள் சில நுழைந்தன. அதனால் 2022இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, எங்கிருந்து வந்த நிக்கொட்டினாக இருந்தாலும் கட்டுப்பாட்டுக்குள் வரும் என்று எழுதியது. நம் ஒழுங்குவிதியிலும் 'நிக்கொட்டின்' என்ற சொல் தெளிவாக வர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

தடையே போதும் என்று நான் சொல்லவில்லை. இருபது ஆண்டு சிகரெட் பிடித்த ஒருவருக்கு வேப் ஆபத்தில் ஒரு படி இறக்கம். ஒருபோதும் புகைக்காத மாணவிக்கு அதுவே ஒரு படி ஏற்றம். கருவி ஆபத்தானதா என்று மட்டும் கேட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். யார் கையில் என்றும் கேட்க வேண்டும். இங்கிலாந்துகூடப் புகைப்பவருக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டே, இளையோரிடம் பரவியதால், ஒருமுறை பாவித்து எறியும் வேப்புகளை 2025 ஜூன் 1 முதல் தடை செய்தது.

வெளிநாட்டிலிருந்து பார்க்கும் அண்ணாமாரே, அக்காமாரே, அடுத்த முறை வரும்போது மருமக்களுக்கு இதைப் பரிசாகக் கொண்டுவர வேண்டாம். இங்கே சிகரெட்டை விட முயலும் மாமாவுக்கு, 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ஆலோசனை கிடைக்கும் என்று சொல்லுங்கள். முதல் அழைப்பின்போது பக்கத்தில் இருந்து நீங்களே எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.