மனு வாங்கியவர்களின் மனு

நேயர்களுக்கு வணக்கம். ஓய்வுபெற்ற காவலர் சங்கம் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது, திருடனைத் துரத்திப் பிடித்த கதை ஏதாவது கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சில கதைகள் கைவசம் உண்டு. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அவை மனப்பாடம். நான் தொடங்கினாலே பேரப்பிள்ளைகள் முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் அவற்றை விட்டுவிட்டு, எங்கள் சங்கத்தில் கிடக்கும் ஒரு மேசையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் 1984-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 2019-ல் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். அதில் ஏறக்குறைய 15 ஆண்டு ஸ்டேஷன் ரைட்டர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. கதைதான் எழுதினார் என்று சொல்லும் குற்றவாளிகள் உண்டு, அது வேறு விஷயம். புகாரை வாங்குவது, எஃப்.ஐ.ஆர். போடுவது, நிலையத்தின் அன்றாட நிகழ்வுகளைப் பதியும் ஜி.டி. எழுதுவது, கோர்ட்டுக்குப் போகவேண்டிய கட்டுகளைத் தைத்து அனுப்புவது, இதெல்லாம் ரைட்டர் வேலை. எழுதத் தெரியாதவர்களின் மனுவையும் நாங்களே எழுதுவோம். அப்படி எத்தனை ஆயிரம் மனு என் கையால் போயிருக்கும் என்று கணக்கில்லை.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரவேண்டிய ஒரு தொகை வராமல் நின்றது. சரி, ஒரு மனு கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். 'அனுப்புநர்' என்று போட்டுப் பெயரை எழுதி, கீழே பழக்கத்தில் பதவியையும் நிலையத்தையும் எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். அதிலும் அப்படியே எழுதினேன். மூன்றாவது தாளில்தான் வீட்டு முகவரி வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போய் நின்றேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "விட்டுட்டுப் போங்க, பார்க்கலாம்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் பிடிபட்டது, அது என் குரல். 15 ஆண்டு நான் சொன்ன அதே வாசகம், அதே தொனி.

நான் சங்கத்தில் சேர்ந்தது அந்த வாரம்தான்.

காவல் துறையில் இருக்கும்வரை சங்கம் என்ற சொல்லுக்கே எங்களுக்குப் பழக்கம் கிடையாது. ஆசிரியர்கள், வருவாய்த் துறையினர் எல்லாம் கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள்; நாங்கள் பக்கத்திலே பந்தோபஸ்து நடப்போம். அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவு, சீருடைப் படையினரின் சில உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதன்படி 1966-ல் காவல் படையினரின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. ஆயுதம் தாங்கிய படைக்கு அது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் விளைவு ஒன்று இருக்கிறது. நாலு பேர் சமமாக உட்கார்ந்து, ஒரு விஷயத்தைப் பேசி, கை தூக்கி முடிவெடுப்பது எப்படி என்பதை எங்கள் ஆட்கள் அறுபதை நெருங்கும்போதுதான் முதல் முதலாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

சங்கத்தைப் பதிவு செய்வது பெரிய காரியம் இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் 7 பேர் கையெழுத்திட்டால் போதும். துணைவிதி எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்கவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்டி, வரவு செலவு காட்டவேண்டும். கஷ்டம் எங்கே என்றால், கூட்டம் நடத்துவதில். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. அவர் உள்ளே வந்தால் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். "உட்காருங்கப்பா, இது ஆபீஸ் இல்லை" என்பார். உட்கார்வார்கள், முதுகு நிமிர்ந்தபடி. "யாருக்காவது கருத்து இருந்தா சொல்லுங்க" என்பார். யாருக்கும் கருத்து இருக்காது. கூட்டம் முடிந்து வெளியே மரத்தடியில் ஆளுக்குப் பத்துக் கருத்து வரும். இரண்டு ஆண்டு இப்படியே ஓடியது. ஒருநாள் ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் எழுந்து, "ஐயா, ஆண்டு விழாக் கணக்குல பந்தல் செலவு இரண்டு தடவை வந்திருக்குங்க ஐயா" என்றார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். டி.எஸ்.பி. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். இரண்டு தடவைதான் வந்திருந்தது. என்னைப் பொறுத்தவரை சங்கம் பிறந்தது பதிவாளர் முத்திரை வைத்த நாளில் இல்லை, அன்றைக்குத்தான்.

அப்புறம் அந்த மேசை. சனிக்கிழமை காலையில் அதைப் போட்டு, இரண்டு முன்னாள் ரைட்டர்கள் உட்காருவோம். யார் வேண்டுமானாலும் வரலாம். அதிகம் வருவது எங்கள் ஆட்கள் இல்லை, அவர்களுடைய மனைவிமார். கணவர் இறந்துவிட்டிருப்பார். குடும்ப ஓய்வூதியம் கேட்கவேண்டும். பணிப்பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர். செல்வி, தமிழ்ச்செல்வி, கணவர் பெயரின் முதலெழுத்து சேர்த்த செல்வி. மூன்றும் ஒரே அம்மாள்தான் என்று நிரூபிக்கவேண்டும். ஊரில் உள்ளவர்களின் அடையாளத்தையெல்லாம் விசாரித்துச் சான்று எழுதிய மனிதர், தன் மனைவியின் பெயரைச் சரியாகப் பதிய வைக்காமல் போயிருப்பார். திட்டத்தான் தோன்றும். ஆனால் நாள் கிழமை பார்க்காமல் பந்தோபஸ்துக்கு ஓடிய ஆளுக்கு எப்போது நேரம் இருந்தது?

ஓர் அம்மாள் மஞ்சள் பையோடு வந்தார்கள். கணவர் இறந்து எட்டு மாதம். பையில் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ்கள், ஐந்தாறு குழுப் புகைப்படங்கள், ஒரு விசில். பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணைப் புத்தகம் மட்டும் இல்லை. "அவர் எங்க வெச்சார்னு எனக்குத் தெரியாதுங்க, கேட்டா கோபப்படுவார்" என்றார்கள். பழைய வங்கிப் புத்தகத்தில் இருந்து எண்ணைப் பிடித்து, கருவூலத்துக்கு மனு எழுதி, நகல் வாங்கி, நாலு மாதம் ஆனது. முதல் மாத ஓய்வூதியம் வந்த அன்று அந்த விசிலைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். பொதுக்குழுவில் சத்தம் அதிகமானால் இப்போது செயலாளர் அதைத்தான் ஊதுகிறார்.

மனைவியர் மட்டும் என்று நினைக்கவேண்டாம். தமிழ்நாடு காவல் துறையில் பெண்கள் 1973-ல் சேர்ந்தார்கள். ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களிலும் பலர் இப்போது ஓய்வூதியர்கள். அவர்களில் ஒருவர் காலமாக, அவருடைய கணவர் எங்கள் மேசைக்கு வந்தார். ஆம்பிளைக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டா என்று கேட்கவே அவருக்கு வெட்கம். தாராளமாக உண்டு என்று சொல்லிப் படிவத்தைக் கொடுத்தேன். 'விதவை' என்று இருந்த கட்டத்தை எப்படி நிரப்புவது என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்தோம்.

தெரியாமல் விட்டுவிடுவதுதான் அதிகம். பணி ஓய்வின்போது ஓய்வூதியத்தின் ஒரு பங்கை மொத்தமாக வாங்கியிருப்பார்கள், கம்யூட்டேஷன் என்பது. அதற்காக மாதாமாதம் ஓய்வூதியத்தில் ஒரு தொகை பிடிப்பார்கள். 15 ஆண்டு கழிந்ததும் அந்தப் பிடித்தம் நின்று, முழு ஓய்வூதியம் திரும்ப வரவேண்டும். வந்திருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. 80 வயது முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல். 85, 90 என்று ஏற ஏற அதுவும் ஏறும், 100 வயதில் இரட்டிப்பு. ஆனால் வயதுக்கு ஆதாரம் பதிவேட்டில் இருக்கவேண்டுமே. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பாட்டிகளுக்குப் பிறந்த தேதியே இருக்காது. "வெள்ளம் வந்த வருஷம் பிறந்தேன்" என்பார்கள்.

உயிரோடு இருக்கிறோம் என்று ஆண்டுதோறும் காட்டவேண்டும் அல்லவா, அதற்கு 2014-ல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறை வந்தது. விரலை வைத்தால் போதும். இங்கேதான் வேடிக்கை. கைரேகை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் கலைக்கு 1897-ல் கல்கத்தாவில் தனி அலுவலகம் திறந்த நாடு இது. எங்கள் சங்கத்தில் ஒருவர் எத்தனையோ பேரின் பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்தவர். அவருடைய ரேகையை இயந்திரம் ஏற்கவில்லை, வயதில் தேய்ந்துபோயிருந்தது. கையைக் கழுவிப் பார்த்தோம், எண்ணெய் தடவிப் பார்த்தோம். கடைசியில், 2021-ல் வந்த முகம் பார்க்கும் வசதியை வைத்துக் கைப்பேசியில் முடித்தோம். "என்கிட்ட மாட்டின எவனுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லையே" என்று சிரித்தார்.

ஓய்வூதியர்கள் டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1982-ல் அந்தத் தேதியில் உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. குறிப்பிட்ட ஒரு தேதிக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் கூடுதல் ஓய்வூதியம், அதற்கு முன் போனவர்களுக்கு இல்லை என்று மத்திய அரசு பிரித்தது செல்லாது என்றும், ஓய்வூதியம் கருணைத் தொகை அல்ல, உரிமை என்றும் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். நகாரா ராணுவக் கணக்குத் துறையில் இருந்தவர், நம் ஆள் இல்லை. ஆனால் அந்த வழக்கில் மனுதாரர்களில் ஒருவர் தனிமனிதர் அல்ல, பதிவு பெற்ற ஒரு சங்கம். கோர்ட் படியேற முடியாத முதியவர்களுக்காக அது வழக்காடலாமா என்ற கேள்வி வந்தபோது, ஆடலாம் என்றார்கள். சந்தா கொடுக்கத் தயங்குகிறவர்களிடம் நான் இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

இன்னொரு தொல்லை சம்மன். ஓய்வு பெற்றாலும் வழக்கு ஓய்வு பெறாது. 2006-ல் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய மகஜர் என்கிற குறிப்புக்கு இன்று சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். எழுபது வயது ஆள் பேருந்து பிடித்துப் போய், வாய்தா தள்ளிப் போய், திரும்பி வருவார். குறுக்கு விசாரணையில் இளம் வக்கீல், "நீங்கள் அந்த இடத்துக்குப் போகவே இல்லை என்கிறேன்" என்பார். போனது நிச்சயம், ஆனால் வேலி எந்தப் பக்கம் இருந்தது என்பது மறந்திருக்கும். இப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 336-வது பிரிவு, ஓய்வு பெற்ற அலுவலர் தயாரித்த ஆவணத்துக்கு, அந்தப் பதவியில் இப்போது இருப்பவர் சாட்சியம் சொல்ல வழி செய்திருக்கிறது. முதியவர்களுக்கு நிம்மதிதான். ஆனால் நேரில் பார்த்தவர் சொல்வதும் கோப்பைப் பார்த்தவர் சொல்வதும் ஒன்றா என்பதில் எங்கள் சங்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. நான் போய்ச் சொல்கிற கட்சி. கால் வலிக்கும்போது மட்டும் மாறிவிடுவேன்.

செய்யாத காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். "நம்ம பழைய ஸ்டேஷன்தானே, எஸ்.ஐ.கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று வருகிறவர்கள் நிறைய. உறவினர்கள்தான் முதலில் வருவார்கள். அந்த மேசையில் அதற்கு இடமில்லை என்று துணைவிதியிலேயே எழுதியிருக்கிறோம். எழுதியதால் எனக்கு ஒரு மைத்துனர் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார். அதேபோல, ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்து ஓய்வூதியம் நின்றுபோனவர்கள் வருவார்கள். விதிப்படி என்ன பதில் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுப்போம். அவர் செய்தது சரி என்று தீர்மானம் போடமாட்டோம். கேட்டுப் பார்த்தார்கள், ஒரு கூட்டம் முழுக்க அதிலேயே போனது.

2003 ஏப்ரல் முதல் தேதியிலும் அதற்குப் பிறகும் பணியில் சேர்ந்தவர்களை, ஊழியரும் சம்பளத்தில் இருந்து பங்கு செலுத்தும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தார்கள். அவர்களுடைய கணக்கு எங்களுடையதில் இருந்து வேறு. அந்தப் பிள்ளைகள் ஓய்வு பெற்று வரும்போது இந்த மேசையில் உட்கார அவர்களுக்குள்ளேயே ஒரு ரைட்டர் வேண்டும். எனக்கு அந்தப் பாடம் வராது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் காவலர் வீட்டு அம்மாக்கள் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். பி.பி.ஓ. புத்தகம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். அதில் உங்கள் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். கோபப்பட்டால் படட்டும்.

போன மாதம் எங்கள் டி.எஸ்.பி.யே மேசைக்கு வந்தார். அவருக்கு 80 முடிந்துவிட்டது, கூடுதல் ஓய்வூதியம் வரவில்லை. எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோரையும் போல முறை வரும்வரை காத்திருந்தார். நான் மனுவை எழுதி, படித்துப் பார்க்கச் சொல்லி நீட்டினேன். சட்டைப் பையில் இருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து இரண்டு இடத்தில் திருத்தினார். திருத்தம் சரிதான். வேறு தாள் எடுத்து முதலில் இருந்து எழுதினேன்.

வணக்கம்.