முகம் காட்டாத கிறிஸ்டினா

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. காய்ந்த புல்வெளியில் வெளிர் இளஞ்சிவப்பு உடை அணிந்த ஒரு பெண், முதுகை நமக்குக் காட்டியபடி, மேட்டிலிருக்கும் சாம்பல் நிற வீட்டை நோக்கித் தரையில் சாய்ந்திருக்கிறார். ஆண்ட்ரூ வையத் 1948-இல் தீட்டிய 'கிறிஸ்டினாவின் உலகம்' அது. வயலில் இளைப்பாறும் ஓர் இளம்பெண் என்று நினைத்துப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். அந்தக் கைகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சதை வற்றி மெலிந்தவை. முழங்கை எலும்பு துருத்தி நிற்கிறது. விரல்கள் தரையை அழுத்திப் பற்றியிருக்கின்றன. உடலை இழுத்துச் செல்லும் கைகள் அவை.

ஆன்னா கிறிஸ்டினா ஓல்சன் 1893-இல் பிறந்தவர். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், கடலோர ஊரான குஷிங்கில் வாழ்ந்தவர். தசைகளை நலியச் செய்யும் நோயால் சிறுவயதிலேயே நடை தடுமாறியது. பிறகு நடக்கவே முடியாமல் போனது. சக்கர நாற்காலி வேண்டாம் என்று மறுத்துவிட்டார். போக வேண்டிய இடத்துக்குத் தவழ்ந்தே போனார். அப்படி அவர் வயலில் போவதை மாடி ஜன்னலிலிருந்து வையத் பார்த்தார். அந்தக் காட்சிதான் ஓவியமானது. முட்டையின் மஞ்சள் கருவில் நிறப்பொடியைக் குழைத்து, புல்லை ஒவ்வோர் இழையாகத் தீட்டினார். ஆனால் படத்திலுள்ள உடலுக்கு மாதிரியாக அமர்ந்தவர் வையத்தின் மனைவி பெட்ஸி. கிறிஸ்டினாவுக்கு அப்போது 55 வயது, பெட்ஸிக்கு 26.

இங்கேதான் நாவலாசிரியருக்கு வேலை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஓவியர் மேலிருந்து பார்த்தார், பின்னாலிருந்து பார்த்தார். கிறிஸ்டினா பேக்கர் கிளைன் 2017-இல் வெளியிட்ட 'எ பீஸ் ஆஃப் தி வேர்ல்ட்' நாவல் தரைக்கு இறங்குகிறது. கதை முழுவதையும் கிறிஸ்டினா ஓல்சனே தன் வாயால் சொல்கிறார். படிப்பில் கெட்டிக்காரியான சிறுமி. ஆசிரியை ஆகலாம் என்ற வாய்ப்பு வருகிறது. தந்தை மறுக்கிறார், வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று. அந்த ஒரு மறுப்பில் ஒரு வாழ்நாள் அடைபட்டுப்போகிறது. படிக்கும்போது எனக்கு அடிவயிற்றில் கோபம் மூண்டது.

கோடைக்கு வந்த ஹார்வர்டு மாணவர் காதலித்துக் கைவிடும் பகுதியும் நாவலில் உண்டு. அதற்கு இத்தனை பக்கம் தேவையில்லை என்பது என் கருத்து. மின்சாரம் இல்லாத, குழாய்த் தண்ணீர் இல்லாத வீட்டில், ஒத்துழைக்காத உடலை வைத்துக்கொண்டு சமைத்து, துவைத்து, தைத்து ஒருவர் பொழுதை ஓட்டுகிற பக்கங்களே நாவலின் உயிர். பிறர் காட்டும் இரக்கம் அவருக்குச் சுடுகிறது. பிடிவாதமும் வெடுக்கென்ற பேச்சும் உள்ளவர் அவர். உதவ வருகிறவர்களையே புண்படுத்திவிடுகிறார். ஆசிரியர் அவரைத் தியாகச் சுடராக்கிப் பூசை செய்யவில்லை. அதற்காகவே இந்த நூலை மதிக்கிறேன். உண்மையில் வாழ்ந்த ஒருவரைப் புனைவாக்கும்போது அவரை நல்லவராக்கிவிடுவது சுலபம். முழு மனிதராக விட்டுவைப்பதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

நிறைவாக ஒன்று. கிறிஸ்டினாவின் தம்பி ஆல்வாரோ கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, அந்த வீட்டையும் நிலத்தையும் அக்காவையும் பார்த்துக்கொண்டவர். ஓவியருக்கு முன் உட்காரவே விரும்பாதவர். 1967 டிசம்பரில் அவர் இறந்தார். அடுத்த மாதமே கிறிஸ்டினாவும் போய்ச் சேர்ந்தார். இந்த நாவலிலும் ஆல்வாரோ ஓரமாகத்தான் நிற்கிறார். வரலாற்று நாவல் எழுத விரும்பும் இளைஞர்கள் இந்த அவையில் இருந்தால் ஆல்வாரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கதையை அவர் பக்கம் நின்று படிக்க நான் காத்திருக்கிறேன். நன்றி.