தின்னக் கொடுத்தால்தான் பறக்கும்

எல்லோருக்கும் வணக்கம். கூட்டத்துக்கு அழைத்தவர்கள் 'வண்ணத்துப்பூச்சித் தோட்டம்' என்று தலைப்புத் தந்தார்கள். நான் பேசப்போவது புழுவைப் பற்றி. முகம் சுளிக்க வேண்டாம், தேநீர் வர இன்னும் நேரம் இருக்கிறது.

எங்கள் வளவில் ஒரு தேசிக் கன்று, எலுமிச்சைதான், வைத்திருந்தேன். தளிரில் குருவி எச்சம் போல ஏதோ ஒட்டிக் கிடந்தது. சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கொப்பில் நரம்புதான் மிச்சம். சின்ன விரல் அளவில் பச்சைப் புழுக்கள். மருந்துப் போத்தலை எடுத்து அடித்துவிட்டேன். அதே கிழமை, 'முன்போல வண்ணத்துப்பூச்சி ஒன்றையும் காணோமே' என்று வீட்டில் குறைப்பட்டதும் நான்தான்.

எச்சம் போலக் கிடந்தது தேசி வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. குருவி தின்னாமல் இருக்கத்தான் அந்த வேஷம். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். ஈர்க்கால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்: தலைக்குப் பின்னால் கவட்டுத்தடி போல ஈரமான கொம்பு வெளியே வரும், கூடவே ஒரு கெட்ட வாடை. எறும்பை விரட்ட அது போதும். உங்களை ஒன்றும் செய்யாது.

எங்கள் ஊரில் ஊர்கிறதெல்லாம் மயிர்க்கொட்டிதான். முருங்கையில் அடை அடையாகக் கிடந்து, பட்டால் தடித்து அரிக்கிறதே, அது அந்துப்பூச்சியின் புழு. அதற்குத் தீப்பந்தம் பிடிப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் தேசியிலும் கறிவேப்பிலையிலும் இருப்பவை வேறு சாதி.

செவ்வரத்தையும் இக்சோராவும் வைத்தால் வண்ணத்துப்பூச்சி வரும், தேன் குடிக்கும், போய்விடும். முட்டையிட அதற்கென்று உள்ள இலை வேண்டும். தாய்ப்பூச்சி இலையில் இறங்கிக் காலால் தட்டித் தட்டி ருசி பார்க்கும். சரியான இலை இல்லையென்றால் எழும்பிவிடும். குரோட்டன் சாடியை வரிசையாக அடுக்கி வைத்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

முன்பு நமக்குக் கதியால் வேலி இருந்தது. கிளுவை, பூவரசு, அதன்மேல் படர்ந்த நூறு கொடி. அதில் ஒன்று ஆடுதீண்டாப்பாளை. கறுப்புச் சிறகில் சிவப்புப் புள்ளியும் சிவந்த உடம்புமாக ஒன்று பறக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் புழு இந்தக் கொடியைத்தான் தின்னும். கொடியின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் குருவிகள் அதைத் தொடுவதில்லை. இன்னொரு வேடிக்கை: கறிவேப்பிலையில் வளரும் ஓர் இனத்தில் பெண்களில் சில, இந்த நஞ்சுப்பூச்சி போலவே சிறகை வைத்துக்கொண்டு திரியும். நஞ்சு கிடையாது, சும்மா பயமுறுத்தல். உடம்பைப் பார்த்தால் பிடிபட்டுவிடும், அது கறுப்பு.

வேலியை எடுத்து மதில் கட்டினோம், கொடி போய்விட்டது. மதிலை இடிக்கச் சொல்லவில்லை. மதிலோரம் ஒரு கம்பியைக் கட்டி, அடியில் கொடியை வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் கவனம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கிற நஞ்சு.

எருக்கலையை வளர்க்கவே தேவையில்லை, வெட்டாமல் விட்டால் போதும். இலையின் கீழ்ப்பக்கம் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்டு, மூன்று சோடி கறுப்புக் கொம்போடு ஒரு புழு இருக்கும். பால் பாயாமல் இருக்க முதலில் இலை நரம்பைக் கடித்துவிட்டுத்தான் சாப்பாட்டைத் தொடங்கும்.

கொன்றையும் ஆவாரையும் வெளிர்மஞ்சள் பூச்சிகளுக்கு. மாமரத்தில் ஒட்டி அதன் சாற்றை உறிஞ்சும் குருவிச்சையிலும் ஓர் அழகான பூச்சி வளர்கிறது. ஆனாலும் கறுத்தக்கொழும்பானா குருவிச்சையா என்றால் நான் மாங்காய்ப் பக்கம்தான்.

'அப்ப எங்களுக்குத் தேசிக்காய்?' என்று முன்வரிசை அக்கா கேட்கிறார். நியாயம்தான். காய்க்கிற மரத்தைக் காப்பாற்றுங்கள். பக்கத்தில் விதையில் முளைத்த கன்று இரண்டை வைத்து, மரத்தில் காணும் புழுவை இலையோடு கிள்ளி அங்கே மாற்றிவிடுங்கள். கறிவேப்பிலைக்கு அந்தச் செலவும் இல்லை, தாய்மரத்தடியில் கிளம்பும் கன்று போதும். அந்தச் செடிகளுக்கு வேப்பெண்ணெய்கூட அடிக்கக் கூடாது. அப்புறம், புழுக்களில் பல புலுனிக் குருவிக்குத்தான் போகும். கோபிக்காதீர்கள், அதற்கும் குஞ்சு இருக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன் நடுவது நல்லது. வாசலில் மேசைமேல் குட்டிக் கூடை தொங்குவது போல வெடித்த காய்கள் இருக்கின்றன. ஆடுதீண்டாப்பாளை விதை. வீட்டுக்கு ஒரு காய் எடுங்கள், கையை மட்டும் கழுவிவிட்டுத் தேநீருக்கு வாருங்கள்.