செல்லுக்குள் ஒரு பூசாரி

அவைத் தலைவராக வீற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மழை மிரட்டியும் மண்டபம்வரை வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மீனவர் சங்கப் பெரியவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட நண்பரே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். நம் செல்லில் இருந்துகொண்டு கிருமியை அறியும் ஏற்பி என்னும் புரதம், அதன் சேதியைச் செல்லுக்குள் கடத்தும் இணைப்புப் புரதம், நோயை எதிர்க்கும் வெள்ளணுவான டி செல்லில் இருக்கும் 'லாட்' என்னும் புரதம்.

டி.எல்.ஆர்-4 என்ற ஏற்பி சில பாக்டீரியாக்களின் மேலுறைப் பொருளைக் கண்டுகொள்கிறது. இதைக் காட்டிய அறிவியலாளர் புரூஸ் பாய்ட்லர் 2011இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். கண்டுகொண்டால் போதுமா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டாமா?

இங்கே பூசாரி, நான் சொன்ன இணைப்புப் புரதம்; பெயர் மைடி-88. தானாக எந்த வேதிவினையையும் நடத்தாது. ஒரு பாதியால் ஏற்பியின் உள்முனையைப் பிடிக்கும். மறு பாதியால் ஐராக்-4 என்ற நொதியைப் பிடிக்கும். அங்கிருந்து டிராஃப்-6 என்ற இன்னொரு புரதம் வழியே சேதி உட்கருவுக்குப் போய், கிருமியை எதிர்க்கும் அழற்சிக்கான மரபணுக்கள் விழிக்கும்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வாங்கப் போனார். 61 நாள் கடலுக்குப் போகாதவர். அரசு பணத்தை ஒதுக்கிவிட்டது. பட்டியலில் பெயரும் இருந்தது, ஓர் எழுத்து மட்டும் பிசகி. "இது நீங்கள் இல்லை" என்றார் எழுத்தர். மறுநாள் வாருங்கள், அட்டையோடு வாருங்கள், அட்டையின் நகலோடு வாருங்கள்! கடைசியில் பெரியவர் சொன்னார்: "தம்பி, இதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. கடன் கொடுத்தவனிடம் காட்டுகிறேன். நான் நான் இல்லையென்று அவனும் ஒப்புக்கொண்டால், உன் பணம் எனக்கு வேண்டாம்!" எழுத்தரே சிரித்துவிட்டார். பணம் என்னவோ அடுத்த மாதம்தான் வந்தது.

மைடி-88 பழுதான குழந்தைகளை 2008இல் மருத்துவ உலகம் அடையாளம் கண்டது. ஏற்பிகளில் குறையில்லை. ஆனாலும் நிமோகாக்கஸ் கிருமி அவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. காய்ச்சல்கூடப் பிந்தியே வரலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி...? நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அந்தக் கிருமி மற்றக் குழந்தைகளையும் விட்டுவைப்பதில்லை. அதற்கான தடுப்பூசியை 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என அரசு இலவசமாகவே போடுகிறது. போடுகிற கை எங்கே? நம் துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் காலியாகக் கிடக்கிறது. கைக்குழந்தையோடு பஸ் ஏற முடியாத தாய் என்ன செய்வாள்?

லாட் இன்னொரு கூட்டத்துக்கு இருக்கட்டும். செவிலியர் கேட்கும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவார் என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன். பேனா கொண்டுவராதவர்களுக்கு என் பேனா உண்டு, திருப்பித் தந்துவிடுங்கள்.