முதல் கூட்டத்துக்குப் போகிறவருக்கு

நேயர்களுக்கு வணக்கம். என் பெயரைச் சொல்லாமல்தான் பேசப் போகிறேன். நான் குடிநோயிலிருந்து மீண்டு வருகிறவன். குடியை விட விரும்புகிறவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், எங்கள் வாயில் ஏஏ, அந்தக் கூட்டங்களுக்குப் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருப்பவன். பத்திரிகை, வானொலி, திரைப்படம் எதிலும் உறுப்பினர் தம்மை அடையாளம் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது, மரபுகள் என்று நாங்கள் சொல்லும் எங்கள் இயக்க நெறிகளில் பதினோராவது. வானொலி என்றே அதில் இருக்கிறது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "யாராவது பார்த்துவிட்டால்?" என்ற பயம்தான் பலரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. உங்களை அங்கே பார்க்கிறவரும் அதே நோய்க்காகத்தான் வந்திருக்கிறார். அவர் வெளியே போய் உங்களைப் பற்றிப் பேச மாட்டார்.

இந்த இயக்கம் எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த கதை அது. 1935 மே மாதம். அமெரிக்காவின் அக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றின் முன்கூடம். நியூயார்க்கிலிருந்து வந்த பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் தனியாக நிற்கிறார். வந்த வியாபாரம் கைகூடவில்லை. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் மதுக்கூடம், உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி, பக்கத்தில் தேவாலயங்களின் பட்டியல். அவர் தொலைபேசியை எடுத்தார். ஒரு பாதிரியாரை அழைத்து, பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். யோசித்துப் பாருங்கள், முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து இப்படிக் கேட்டால்! பாதிரியார் சில பெயர்களைத் தந்தார். ஒவ்வொருவராக அழைத்து, கடைசியில் ஒரு பெண்மணி வழியாக பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரிடம் வந்து சேர்ந்தார். மருத்துவரும் தீராத குடிநோயாளி. கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் மாலை 5 மணிக்கு வந்தவர், இரவு 11 மணிக்கு மேல்தான் எழுந்தார்.

ஏன் அவ்வளவு நேரம் உட்கார்ந்தார்? பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். தான் குடிக்காமல் இருக்க இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும், அதற்காகவே பில் வந்திருந்தார். மருத்துவர் அதன் பிறகும் ஒருமுறை வழுக்கி விழுந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று கணக்கில் உள்ள 1935 ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

பில் போன் செய்தது குடிப்பதற்கு முன்னால். அதைக் கவனியுங்கள், திரும்பவும் வருவேன்.

கூட்டத்தைத் தேடுவது கடினமில்லை. ஏஏ இணையதளங்களில் நாளும் நேரமும் இருக்கும். உதவி எண்ணில் பெரும்பாலும் மீண்டு வருகிற ஒருவரே பேசுவார். இணையவழிக் கூட்டங்களும் உண்டு. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். அந்த விருப்பம் ஒன்றுதான் தகுதி. கட்டணம் கிடையாது. உண்டியல் சுற்றி வரும். முதன்முறை வருகிறவர் அதை அப்படியே அடுத்தவரிடம் தள்ளிவிடலாம்.

ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட மாட்டார்கள். "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும், வற்புறுத்த மாட்டார்கள். புதிதாக வருகிறவர் வாசலை ஒட்டிய நாற்காலியில், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் ஓடிவிடத் தோன்றும். ஓடாதீர்கள். கூட்டத்தைவிட முக்கியமானது அதற்குப் பிறகு வரும் பத்து நிமிடம். அப்போதுதான் ஒருவர் பக்கத்தில் வந்து, ஒரு துண்டுத்தாளில் தன் போன் நம்பரை எழுதிக் கையில் திணிப்பார். வாங்கிக்கொள்ளுங்கள். அன்றிரவே, எந்தக் காரணமும் இல்லாமல், ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது கூப்பிட்டுப் பழகாதவருக்கு, கை நடுங்கும்போது அந்த எண்ணை அழுத்த மனம் வராது. குடித்த பிறகு அழைத்தாலும் எடுப்பார்கள்தான். ஆனால் குடிப்பதற்கு முன்னால் அழைக்க வேண்டும். முன்னால்.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறொரு குழுவுக்குப் போங்கள். குழுவுக்குக் குழு முகம் வேறு. ஏஏ கூட்டங்களில் கடவுள் பேச்சு வரும். அது ஒத்துவராதவர்களுக்கு 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி என்ற அமைப்பு இருக்கிறது, பெண்களுக்கென்று 1975 முதல் விமன் ஃபார் சோப்ரைட்டி இருக்கிறது. இதெல்லாம் வெறும் நம்பிக்கையா என்பவர்களுக்கு: 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் ஏஏ வழிமுறை மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, பல சமயம் கூடுதலே என்று கண்டது.

இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று இல்லை.

நேரம் முடிந்ததென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். குடும்பத்தாரைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். இவ்வளவு சொல்லிவிடுகிறேன்: அல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் உங்களுக்காகவே இருக்கிறது, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் இருக்கிறது. வீட்டில் குடிக்கிறவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம், அவரைக் கேட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. நன்றி, வணக்கம்.