பரந்தன் ஜீப்பும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

வணக்கம் நேயர்களே.

ஆமி ஜீப் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் நல்ல நினைவு வராது. அது எனக்கும் தெரியும். நான் பேச வந்தது அதற்கெல்லாம் முந்திய ஒரு ஜீப்பைப் பற்றி. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்த வில்லிஸ் ஜீப். 1941 முதல் 1945 வரை வில்லிஸ் கம்பனியும் போர்ட் கம்பனியுமாக ஆறு இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். போருக்குப் பிறகு பல கை மாறி வந்த ஒன்றை அப்பா பரந்தன் வயலுக்கென்று வாங்கினார். இன்று அது என்னிடம் இருக்கிறது, ஓடுகிறது.

ஏறக்குறைய எண்பது வருடப் பழைய எஞ்சின் எங்கள் ஊரில் எப்படித் தப்பியது? தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஏ போர்ட்டி என்ற பழைய ஒஸ்ரின் கார் வைத்திருந்தவர்கள் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். எங்கள் ஜீப்பும் அப்படித்தான் ஓடியது. இன்றைய கார் எஞ்சின் உள்ளே போகும் ஆவியைப் பத்து மடங்கு அளவுக்கு இறுக்கும். வில்லிஸ் ஆறரை மடங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் இறுக்கும். அவ்வளவு மெதுவான இறுக்கத்தை மண்ணெண்ணெய் தாங்கிக்கொள்ளும். ஒரு கேடு, முழுதாக எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அதனால் அப்பா ஒயிலை அடிக்கடி மாற்றுவார்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். அதுதான் எனக்கு முக்கியம்.

1995 ஒக்டோபர் 30. போருக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனம் ஒன்றாக ஊரை விட்டு வெளியேறிய இரவு. அந்த இரவு நடந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஜீப்பில் அப்பாச்சியும், பக்கத்து வீட்டு வயதானவர்கள் இரண்டு பேரும், மூட்டைகளும். இந்த ஜீப்புக்கு ஸ்டியரிங் இடது பக்கம். அப்பா இடப்பக்கத்திலிருந்து ஓட்ட, நான் வலப்பக்கத்தில் நடந்து, ஆட்களில் முட்டாமல் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனேன். நாலு சில்லும் இழுக்கும் கீழ்க் கியரில், நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக ஊர்ந்தோம். செம்மணி தாண்டியதும் ரேடியேற்றர் கொதித்தது. மூடிப் பக்கத்தால் ஆவி சீறியது.

மழை பெய்துகொண்டிருந்தது. எங்களைச் சுற்றிச் சனம் குடைகளைத் தலைகீழாகப் பிடித்து, சேர்ந்த மழைத்தண்ணீரைப் பிள்ளைகளுக்குப் பருக்கிக்கொண்டிருந்தார்கள். குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் ரேடியேற்றருக்குத் தண்ணீர் கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளுவோம் என்றார். தள்ளினோம். முன்பின் தெரியாத இரண்டு அண்ணைமார் தங்கள் சைக்கிள்களை மனைவிமாரிடம் கொடுத்துவிட்டு எங்களோடு சேர்ந்து தள்ளினார்கள். நாவற்குழி தாண்டும்வரை ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் அந்த ஜீப் கொடிகாமத்தில் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டிலில் வருடக்கணக்காக நின்றது. 2010இல் கட்டி இழுத்து வந்து ரேடியேற்றரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் படிகிறதே, அதே சுண்ணாம்பு. எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல், கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருப்பதும் அதுதான். அன்றிரவு ஏன் கொதித்தது என்று பதினைந்து வருடம் கழித்து, வராந்தாவில் குந்தியிருந்து தெரிந்துகொண்டேன். அப்பா அப்போது இல்லை.

ஆகவே பழைய வாகனம் வைத்திருப்பவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்: ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். கூரையில் வடியும் மழைத்தண்ணீரைப் பிடித்து, வடித்து, கலனில் வையுங்கள். கூலன்ட் கலந்தால் இன்னும் நல்லது. படிந்த சுண்ணாம்பை வினாகிரி கலந்த தண்ணீர் மெல்ல மெல்லக் கரைக்கும். பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

இன்னொன்று, பெயின்ற் கடைசி. வாங்கிய கையோடு பச்சை அடித்து நிறுத்தி வைக்கிறார்கள், எனக்கு மனம் பொறுப்பதில்லை. கறல் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். இந்த ஜீப்பின் தளத்துக்குக் கீழே தகரத்தை மடித்துச் செய்த தாங்கிகள் உண்டு, அவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள். மரம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், சுற்றியுள்ள தகரம் தின்னப்பட்டுவிடும். என்னுடையதில் ஸ்குரூட்ரைவரால் தொட்டதும் தகரம் பொடியாக உதிர்ந்தது, உள்ளே மரம் ஊறின புண்ணாக்குப் போல இருந்தது. தகரத்தை வெட்டி ஒட்டி, மரத்துக்குப் பதிலாக நன்றாகக் காய்ந்த பனை வைரம் வைத்தேன். எங்கள் வீட்டுக் கூரையைத் தாங்குவது ஜீப்பையும் தாங்கும். அந்த வேலையில் கழற்றிய போல்ற்றுகள் சிலவற்றின் தலையில் எஃப் என்ற ஆங்கில எழுத்து இருந்தது. போர்ட் கம்பனி தன் பாகங்களில் குத்திய அடையாளம் அது. அவற்றை எண்ணெய் பூசித் திரும்ப அதே இடங்களில் பூட்டினேன்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஆறு வோல்ட் பற்றரியைப் பற்றிப் பேச நேரமில்லை. பிரேக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த ஜீப்பில் நாலு சில்லுக்கும் ஒரே எண்ணெய் வழி. ஒரு சில்லில் ரப்பர் கசிந்தால் நாலிலும் பிரேக் போய்விடும். ஆகையால் நீண்ட நாள் நின்ற ஜீப்பை றோட்டில் இறக்குமுன் ரப்பர்களையும் குழாய்களையும் பிரேக் எண்ணெயையும் புதிதாக்குங்கள், எஞ்சின் ஒயிலை ஒருபோதும் அதற்குள் விடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். வணக்கம்.