பேயும் இல்லை, நடிப்பும் இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே ஆளுக்குள் இரண்டு மூன்று பேர் இருப்பதைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். குரல் மாறும், கண் சிவக்கும், உடனே ஒரு கொலை நடக்கும். ஆனால் நிஜத்தில், விலகல் அடையாளக் கோளாறு எனப்படும் இந்த நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் தங்களையேதான் காயப்படுத்திக்கொள்கிறார்கள். வெளிநோயாளிகளாக வருபவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலைக்கு முயன்றவர்கள் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு.

குரல் மாறுவதைவிட முக்கியமான அறிகுறி மறதி. பீரோவில் தான் வாங்கிய ஞாபகமே இல்லாத புடவை இருக்கும். "நேற்று அப்படிக் கத்தினாயே" என்று வீட்டில் கேட்பார்கள். இவருக்கு ஒன்றும் தெரியாது. பயந்துபோய் இந்த மறதியை மறைத்துவிடுவார். அதனாலேயே நோயைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன.

பெரும்பாலானவர்களின் சிறுவயதில் திரும்பத் திரும்ப நடந்த கொடுமை இருக்கிறது. பல நேரம் அது பாலியல் கொடுமை. கொடுமை செய்பவரே சோறு போடுபவராகவும் இருந்தால் குழந்தை எங்கே ஓடும்? 'இது எனக்கு நடக்கவில்லை' என்று மனம் விலகிக்கொள்கிறது. நினைவுகள் தனித்தனியாகப் பிரிந்து வளர்கின்றன. இந்த விளக்கத்தை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு.

நம் ஊரில் இது பேய் பிடித்ததுபோலவும் வெளிப்படலாம். திருவிழாவில் சாமியாடுவது நோய் அல்ல. ஆனால் வேண்டாத நேரத்தில், அடக்க முடியாமல் வந்து, படிப்பையும் வேலையையும் குலைத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே அடிபட்டு வளர்ந்த பெண்ணைப் பேயோட்டுகிறேன் என்று மறுபடி அடிப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

சரி, சிகிச்சை? இந்த நோய்க்கென்று தனி மாத்திரை கிடையாது. மனச்சோர்வு, பதற்றம் இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள். முதன்மையானது பேச்சுவழிச் சிகிச்சை. முதலில் பாதுகாப்பு: தூக்கம் சீராக வேண்டும், தன்னைக் காயப்படுத்துவது நிற்க வேண்டும். மனம் விலகும்போது காலைத் தரையில் ஊன்றி, கண்ணில் படும் பொருட்களைப் பெயர் சொல்லி நிகழ்காலத்துக்குத் திரும்பப் பழக்குவார்கள். அது கைவந்த பிறகுதான் பழைய நினைவுகளைத் தொடுவார்கள். அவசரப்பட்டுக் கிளறினால் நிலைமை மோசமாகும். அப்புறம், மனதின் பிரிந்த பகுதிகள் ஒன்றையொன்று அறிந்து ஒத்துப்போகும் கட்டம். எல்லோருக்கும் அவை முழுதாக ஒன்றாகிவிடுவதில்லை. ஒத்துப்போய் வாழ்வதும் நல்ல முன்னேற்றமே. இதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும்.

வீட்டில் இருப்பவர்கள் "நடிக்காதே" என்று சொல்லாதீர்கள். "அந்த இன்னொருத்தரைக் கூப்பிடு" என்று வேடிக்கைக்காகவும் கேட்காதீர்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.